ரிசேர்வ் கீப்பரை நொக்கவுட்டுக்கு முதல் இறக்கிப் பார்க்கலாமா?

வாவிக்கரை:
டீம் தெரிவில் இருக்கிற அண்ணன்மார் கொஞ்சம் சொல்லுங்க. நம்ம ஃபுட்போல் கழகத்தின் முதல் கீப்பருக்கு 34 வயது. கோல் கோட்டில் நின்று மறிக்கிறதில் இந்தப் பக்கம் அவருக்கு நிகர் குறைவு. ஆனா கோல் கோட்டை விட்டு வெளிய வரமாட்டார். இந்த முறை வாங்கின கோல்களில் பெரும்பங்கு சின்னப் பெட்டிக்குள் தலையால் போனதுதான். ரிசேர்வ் பொடியனுக்கு 20 வயது, 5 அடி 11 அங்குலம், பக்கத்திலிருந்து கோலுக்கு முன்னால தூக்கிப் போடுற பந்துக்கு (குறோஸ்) வெளிய வருவான், காலிலும் பந்து நிற்கும். போன சீசனும் இந்தச் சீசனும் வாங்கிலில்தான் இருக்கான்.

லீக்கில் இன்னும் இரண்டு மெட்ச் மிச்சம், மறுகா நொக்கவுட். பெக்குகள், அதுதான் கீப்பருக்கு முன்னால நிற்கிற தடுப்பு ஆட்கள், நாலு பேரும் பழையவர்தான் வேணும் என்கிறாங்க. பிராக்டிஸில் நல்லாச் செய்யிறான் என்பதை மட்டும் நம்பி இறக்கலாமா? வேற எப்படிச் சோதிக்கிறது?

பழைய கிளவ்ஸ்:
முதல் உங்க பிராக்டிஸ் என்ன பிராக்டிஸ் என்று பார்க்கணும். நம்ம பக்கம் கீப்பர் பயிற்சி என்றாலே பெனால்டி பெட்டி ஓரத்தில் பந்தை அடுக்கி வைத்து ஆறேழு பேர் மாறி மாறி அடிக்கிறதுதான். அதில் யாரு நல்லாப் பாயிறான் என்று தெரியும், அவ்வளவுதான். மெட்சில் கீப்பருக்கு வாற வேலையில் அது சின்னப் பங்கு. குறோஸ், பெக்குக்குப் பின்னால விழுகிற பந்து, நம்ம ஆளே கீப்பருக்குப் பின்னுக்குத் தாற பெக் பாஸ், தட்டிவிட்ட பிறகு வாற இரண்டாவது அடி, இது ஒண்டும் அந்த வரிசையில் வராது.

இப்படிச் செய்து பாருங்க. இரண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே பந்து, பயிற்சி முடிகிற நேரம், களைத்த காலோட. இடப்பக்கமிருந்து பத்து குறோஸ், வலப்பக்கமிருந்து பத்து. பெனால்டி பெட்டியின் பக்கக் கோட்டுக்கும் டச் லைனுக்கும் நடுவில் நின்று அடிக்க வேணும். உள்ளுக்கு மூன்று ஃபோர்வேர்ட், இரண்டு பெக். சும்மா நிற்காம நிஜமா மோதட்டும். ஒருத்தர் கொப்பியோட நின்று ஒவ்வொரு பந்துக்கும் எழுதட்டும்: பிடித்தான், குத்தினான், கோட்டிலேயே நின்றான், வெளிக்கிட்டு நடுவழியில் நின்றான்.

கடைசியாச் சொன்னதுதான் கொலை. கோட்டிலேயே நிற்கிற கீப்பருக்கு ஹெடரை மறிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கு. இரண்டு அடி வைத்துவிட்டு யோசிக்கிறவன் பந்துக்கும் இல்ல, கோலுக்கும் இல்ல. அவன் தலைக்கு மேலால மெல்லத் தூக்கிவிட்டாலே போதும். இருபதில் மூன்று முறைக்கு மேல இது நடந்தால் பொடியன் இன்னும் தயாரில்ல என்றுதான் நான் சொல்லுவன். குத்துகிற பந்தையும் பாருங்க: இரண்டு கையாலும், உயரமா, பக்கவாட்டில் போகணும். பெனால்டி புள்ளிக்கு நேர விழுகிற குத்து எதிரணிக்குக் குடுத்த பாஸ்.

ஷொட் மறிக்கிறதில் எத்தனை மறித்தான் என்று எண்ணாதீங்க. 16, 18 மீற்றரிலிருந்து அடிக்கவிட்டு, தட்டின பந்து எங்க போகுது என்று பாருங்க. போஸ்டுக்கு வெளிப்பக்கம் போனால் சரி. நெஞ்சுக்கு முன்னால விழுந்தால் மெட்சில் அதுக்கொரு ஸ்ட்ரைக்கர் காத்திருப்பான்.

அடுத்தது கால். 1992இலிருந்து பெக் பாஸைக் கையால எடுக்க முடியாது. பந்தைப் பின்னுக்குக் குடுத்துவிட்டு, பத்து மீற்றரிலிருந்து ஒருத்தனை ஓடி நெருக்கவிடுங்க. பாதிப் பந்து அவனுடைய பலமில்லாத காலுக்குப் போகட்டும். முதல் தொடுகையில் பந்தைப் பக்கவாட்டில் எடுத்து வைக்கிறானா, காலுக்கடியில் நிறுத்துறானா? அடியில் நிறுத்துறவனுக்கு நெருக்குதல் வந்தால் கண்ணை மூடித் தூர அடிக்கிறதைத் தவிர வழியில்ல.

இதில் தேறினால் மிச்சமிருக்கிற இரண்டு லீக் மெட்சையும் முழுசாக் குடுங்க. ஒரு மெட்ச் போதாது. சில நாள் கீப்பருக்கு வேலையே வராது, ஒண்டும் தெரியாமப் போயிரும். ஞாயிறு மெட்ச் என்றால் வியாழனே இரண்டு பேருக்கும் சொல்லிரணும். பழையவர் ஒரு பிழை விட்டார் என்று இடைவேளையில் மாற்றினீங்களோ, இரண்டு கீப்பரும் போச்சு.

கல்முனை நாலாம் நம்பர்:
சென்டர் பெக் பக்கமிருந்து ஒரு கதை. பெக்குகள் பழையவரைக் கேட்கிறது வெறும் பழக்கத்தில் இல்ல தம்பி. அவர் வெளிய வரமாட்டார் என்று தெரிந்து அதுக்கேற்ற மாதிரித்தான் அவங்க நிற்கிறாங்க, கோலுக்குக் கிட்ட, ஆழமா. பெக்குகளின் வரிசை (லைன்) ஆழமா இருந்தால் மிட்ஃபீல்டுக்கும் பெக்குக்கும் நடுவில் வெளி விழும், எதிரணி விங்கருக்குத் தலையைத் தூக்கிப் பார்த்து குறோஸ் போட நேரம் கிடைக்கும். ஆக சின்னப் பெட்டியில் வாங்கின கோல் எல்லாத்தையும் அந்த மனிசன் தலையில் போடுறது நியாயமில்ல.

இப்ப கீப்பரை மட்டும் மாற்றி லைனை அப்படியே விட்டால் என்ன நடக்கும்? பொடியன் வெளிய வருவான், அவன் வாற பாதையில் நம்ம சென்டர் பெக்கே நிற்பான், இரண்டு பேரும் முட்டுவாங்க, பந்து சும்மா விழும். மறுகா எல்லாரும் கீப்பரைத் திட்டுவாங்க. அவன் ஆடுற நாளில் லைன் அஞ்சு ஆறு மீற்றர் மேல ஏற வேணும். அதை மெட்ச் அன்றைக்குச் சொல்லிப் பலனில்ல. அந்த நாலு பெக்கும் அவனும் சேர்ந்து குறைந்தது மூன்று பயிற்சி ஆடியிருக்க வேணும்.

சத்தத்துக்கு இரண்டே சொல் போதும். வாறதென்றால் “கீப்பர்!”, வராட்டி “கிளியர்!”. பந்து உச்சிக்கு ஏற முதல் சத்தம் வந்திரணும், இறங்கும்போது கத்துறது வீண். “கீப்பர்” என்று கேட்டதும் ஒரு பெக் அவனுக்குப் பின்னால கோட்டுக்கு ஓடணும்.

இன்னொன்று. இந்தப் பேச்சு வந்தால் ஆர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் கதையைத் தூக்கிக்கொண்டு வருவாங்க: 2010இல் ஆர்சனலுக்குப் போய், வேறு வேறு கழகங்களுக்குக் கடனாப் போய்வந்து, 2020 ஜூனில் முதல் கீப்பர் லெனோ காயப்பட்ட பிறகுதான் தொடர்ந்து ஆட இடம் கிடைத்தது, அந்த ஓகஸ்டிலேயே எஃப்.ஏ. கிண்ணம், 2022இல் உலகக் கிண்ணம். அமெரிக்கன் ஃபுட்போலிலும் 2001இல் ட்ரூ பிளெட்ஸோ அடிபட்டு டொம் பிரேடி உள்ளுக்கு வந்தது இதே மாதிரித்தான். அவங்க ஆடின குவாட்டர்பேக் இடமும், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துற இடமும், கீப்பர் இடம் போல, ஒருத்தன் ஆடினால் மற்றவனுக்கு வாங்கில். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இடம் கிடைத்துச் சறுக்கின ரிசேர்வ் ஆட்களின் பெயர் யாருக்கு ஞாபகம்? அந்த இரண்டு பேரும் வாங்கிலில் இருந்த காலத்திலும் சம்பளத்துக்கு முழுநேரப் பயிற்சி செய்தவங்க. நம்ம பொடியனுக்குக் கிடைக்கிறது கிழமைக்கு இரண்டு பின்னேரம். கிளவ்ஸ் அண்ணன் சொன்ன சோதனையை நம்புங்க, கதையை நம்பாதீங்க.

விசில்:
விதிப் பக்கம் மட்டும் சொல்றன். புது ஆள் இறங்கும்போது அடிக்கடி சிக்குகிற இடங்கள் இதுதான்.

2025 ஜூலை 1 முதல் கீப்பர் பந்தைக் கையில் 8 செக்கனுக்கு மேல வைத்திருந்தால் எதிரணிக்குக் கோனர். கடைசி அஞ்சு செக்கனை நடுவர் கையைத் தூக்கி விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். பதற்றத்தில் இருக்கிற கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது வழமை, அதனால பயிற்சியிலேயே யாராவது சத்தமா எண்ணுங்க. கோல் கிக் பெட்டியை விட்டு வெளிய போகத் தேவையில்ல, உள்ளுக்கே பெக்குக்குக் குடுக்கலாம், அது 2019இலிருந்து. பெனால்டியில் பந்து அடிபடும் நேரம் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டிலோ கோட்டுக்கு நேராவோ பின்னாலோ இருக்கணும். அவனுடைய அளவில் இரண்டு நிற ஜேர்சி கொண்டு போங்க.

நொக்கவுட்டில் சமநிலையானால் வாற பெனால்டி உதைகளுக்கென்றே கீப்பரை மாற்ற நினைத்தால் ஆட்டம் முடிகிற விசிலுக்கு முதல் மாற்றணும். உதைகள் தொடங்கின பிறகு கீப்பருக்கு ஆட முடியாமல் போனால்தான் மாற்றம், அதுவும் மாற்று மிச்சம் இருந்தால். 2014 உலகக் கிண்ணக் காலிறுதியில் கொஸ்டாரிக்காவுக்கு எதிரா, கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் நெதர்லாந்துப் பயிற்சியாளர் வான் ஹால் முதல் கீப்பர் சிலெசனை எடுத்து டிம் க்ரூலை விட்டார். க்ரூல் இரண்டை மறிக்க நெதர்லாந்து 4-3. அரையிறுதியில் மூன்று மாற்றும் முடிந்திருந்தது, சிலெசனே நின்றார், ஆர்ஜென்டினா 4-2. அந்த நாள் ஆர்ஜென்டினாவுக்காக இரண்டை மறித்த ரொமேரோ, அந்தச் சீசன் மொனாக்கோ கழகத்தில் பெரும்பாலும் வாங்கிலில் இருந்தவர்.

வாவிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. லைனை ஏற்றுறது பற்றி நினைக்கவே இல்ல நானா. இன்னொரு பயம் இருக்கு: மெட்ச் பின்னேரம் 4 மணிக்கு, கச்சான் காற்று வீசுகிற காலம், மைதானம் வடக்குத் தெற்காக் கிடக்குது, தரை கல்லு மாதிரி. பழையவருக்குக் காற்று அத்துப்படி. இவனுக்கு?

பழைய கிளவ்ஸ்:
சொல்லிக் குடுக்கக்கூடிய விசயம்தான். கச்சான் மேற்கிலிருந்து வரும். வடக்குத் தெற்கு மைதானத்தில் மேற்குப் பக்க விங்கிலிருந்து வாற குறோஸ் காற்றோட போய்த் தூரப் போஸ்டையும் தாண்டும். அதுக்கு ஒரு அடி பின்னால, கோலின் நடுவைத் தாண்டித் தூரப் போஸ்ட் பக்கமா நிற்கணும். கிழக்கிலிருந்து வாறது காற்றில் முட்டி கிட்டப் போஸ்டில் பொத்தென்று விழும், அதுக்கு ஒரு அடி முன்னால. கடல் பக்கத்து மைதானம் என்றால் பின்னேரம் கடற்காற்றும் எழும்பி இரண்டும் சண்டை பிடிக்கும், அதனால ஆட்டத்துக்கு முதல் கோனர் கொடியைப் பார்க்கச் சொல்லுங்க. மேற்கு வெயிலுக்குத் தொப்பி போடலாம், கீப்பருக்கு அனுமதி இருக்கு.

காய்ந்த தரையில் கீழால வாற பந்து நினைத்ததை விட உயர எகிறும். கைக்குப் பின்னால நெஞ்சோ முழங்காலோ இருக்கணும், கையை மட்டும் நீட்டினால் மேலால போயிரும்.

கிளவ்ஸ். உள்ளங்கை லேடெக்ஸ் காய்ந்தால் பிடி போயிரும், இந்தக் காற்றில் கால் மணித்தியாலம் போதும். கோலுக்குப் பின்னால தண்ணிப் போத்தல் ஒண்டு வைத்து, ஆட்டம் நிற்கிற நேரமெல்லாம் நனைத்துக்கொள்ளட்டும். மண் ஒட்டினால் தேய்க்காமக் கழுவணும். புதுச் சோடி என்றால் முதல் நாளே வெறும் தண்ணியில் அலசி நிழலில் காய வைக்கணும், வெயிலில் போட்டால் வெடிக்கும்.

வோர்ம் அப் 25 நிமிசம் போதும்: அஞ்சு நிமிசம் ஓட்டமும் உடம்பு தளர்த்தலும், அஞ்சு நிமிசம் கைக்கு நேரான பந்து, ஆறேழு நிமிசம் தாழப் பாய்கிறது, அஞ்சு நிமிசம் குறோஸ், மிச்சம் ஷொட்டும் தூரக் கிக்கும். ஃபோர்வேர்ட் எல்லாரும் வந்து அவன் மேல சுட்டுப் பழகுறதை நிறுத்துங்க. கோல் கோலா வாங்கிவிட்டு மெட்சுக்குள் போற கீப்பர் பாதி தோற்றுத்தான் போறான்.

கல்முனை நாலாம் நம்பர்:
கோனருக்கு ஒண்டு. கிட்டப் போஸ்டில் ஒருத்தன், சின்னப் பெட்டியின் கிட்ட மூலையில் உயரமான ஒருத்தன், அவ்வளவும் போதும். கீப்பருக்கு முன்னால மறைக்க வாற எதிரணிக்காரனைப் பிடிக்கிறேன் என்று நம்ம ஆளும் அங்க போய் நின்றால் கீப்பருக்குத்தான் வழி அடைபடும். அவனை விட்டுருங்க, கீப்பர் அவனுக்கு முன்னால வந்து நிற்கட்டும்.

பழையவரிடம் நீங்களே தனியாப் போய்ச் சொல்லுங்க, வோர்ம் அப்பை அவரையே குடுக்கச் சொல்லிக் கேளுங்க. ஆனா ஆட்டம் தொடங்கினால் அவரைக் கோலுக்குப் பின்னால நிற்க விடாதீங்க. பெக்குகளுக்கு அவர் குரல் பழகிப்போனது. பின்னாலிருந்து அவர் ஒண்டு கத்த, முன்னாலிருந்து இவன் ஒண்டு கத்த, அவங்க அவரைத்தான் கேட்பாங்க.