தொட்ட காயை அவன் ஆடவில்லை, நானும் கேட்கவில்லை. செய்தது சரியா?

சிப்பாய்64:
போன ஞாயிறு ஒரு ஓபன் செஸ் டோர்னமென்ட், கடைசி ரவுண்டு. எதிரே பன்னிரண்டு வயசுப் பையன். மந்திரியைப் பிடித்து ஒரு அங்குலம் தூக்கிவிட்டான், அதை நகர்த்தினால் பின்னால் நிற்கும் யானை போய்விடும் என்று அப்போதுதான் கண்ணில் பட்டிருக்க வேண்டும், மெதுவாகப் பழைய கட்டத்திலேயே இறக்கிவிட்டுக் குதிரையை ஆடினான். காதெல்லாம் சிவந்துவிட்டது, என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆர்பிட்டர், அதாவது நடுவர், பக்கத்தில் இல்லை. சின்னப் பையனிடம் இப்படியா ஜெயிப்பது என்று நினைத்துப் பதிலுக்கு ஆடிவிட்டேன். டிரா. அரைப் பாயிண்டில் பரிசு போனது, அது பரவாயில்லை. "நீ பெருந்தன்மையா விடல, சண்டைக்குப் பயந்து விட்டே" என்று நண்பன் சொன்னதுதான் உறுத்துகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கறுப்புக் குதிரை:
நான் உள்ளூர்ப் போட்டிகளில் ஆர்பிட்டராக இருக்கிறேன். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி தெளிவாக இருக்கிறது: வேண்டுமென்றே தொட்ட காயை, ஆட வழியிருந்தால், ஆடித்தான் ஆக வேண்டும். சரிசெய்யத் தொடுவதென்றால் முதலிலேயே 'அட்ஜஸ்ட்' என்று சொல்லிவிட வேண்டும். சட்டைக்கை பட்டது கணக்கில் வராது, தூக்கியது வரும். ஆனால் நீங்கள் உங்கள் காயைத் தொட்டதுமே கேட்கும் உரிமை போய்விட்டது. கிளாக்கை நிறுத்திக் கையைத் தூக்குவது அநாகரிகமே இல்லை சார், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

எண்ட்கேம் பிரியை:
பயத்தில் சும்மா இருப்பது யாருக்கும் நடக்கும். 1994-இல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் காஸ்பரோவ் குதிரையை சி5 கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டு, மறுபடி எடுத்து எஃப்8-இல் வைத்தார். கை விலகியது கால் நொடிதான், ஆனால் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. எதிரே ஜூடித் போல்கர், 17 வயது, எதிரில் இருப்பவர் உலக சாம்பியன், ஜூடித் புகார் செய்யவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றார். இத்தனை வருடம் கழித்தும் யாரும் போல்கரைக் குறை சொல்வதில்லை, கேள்வி காஸ்பரோவைப் பார்த்துத்தான். உங்கள் கதையிலும் தொட்டவன் அவன். நேர்மையைக் காட்ட வேண்டிய முதல் ஆள் அவன்தான், நீங்கள் ஏன் குற்றவாளி மாதிரி தூக்கம் கெடுகிறீர்கள்?

வேளச்சேரி அப்பா:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். விட்டுக்கொடுப்பதும் மரியாதையும் ஒன்றில்லை. 2024 டிசம்பர், சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம், டிங் லிரென் யானையை எஃப்2-இல் வைத்துத் தவறு செய்தார். குகேஷ் ஐயோ பாவம் என்று விட்டாரா? பிடித்தார், ஜெயித்தார். அப்புறம் அழுதுகொண்டே காய்களையெல்லாம் ஆரம்ப நிலைக்கு அடுக்கிவைத்தார், டிங்கைப் பற்றி உயர்வாகவே பேசினார். என் பெண்ணும் அந்தப் பையன் வயசுதான், ஒரு போட்டியில் ராணியைத் தொட்டுவிட்டு அவளே "தொட்டுட்டேன் அங்கிள்" என்று ஒத்துக்கொண்டு ராணியை இழந்தாள். வீடு வரும்வரை அழுகை. ஆனால் அடுத்த போட்டியிலிருந்து யோசிக்கும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். நீங்கள் சும்மா இருந்ததில் அந்தப் பையனுக்கு அந்தப் பாடம் கிடைக்காமல் போய்விட்டது.

சிப்பாய்64:
கடைசி வரி சுருக்கென்று பட்டது. பையனை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை, என் பெயரைத்தான் நினைத்திருக்கிறேன். அவன் வருகிற கிளப் எனக்குத் தெரியும். சனிக்கிழமை போய், கோபமில்லாமல், தனியாகச் சொல்லப்போகிறேன்: தம்பி, நீ மந்திரியைத் தூக்கினதை நான் பார்த்தேன். அப்புறம் ஒரு ஆட்டம் போடலாமா என்று கேட்பேன்.