குளிசையின் நேரத்தைக் கேட்ட தாதி

என் அப்பா படுவான்கரையில் வேளாண்மை செய்தவர். ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயுடன் வாழ்கிறார். சென்ற ஆண்டு சிறுநீர்த் தொற்றினால் காய்ச்சல் கண்டு, அவரை மட்டக்களப்பு மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் அனுமதித்தோம்.

வீட்டில் அவருக்கு அந்நோய்க்கான லெவோடோபா குளிசையைக் காலை 6, முற்பகல் 11, மாலை 4, இரவு 9 என நான்கு வேளை கொடுத்துவந்தோம். விடுதியிலோ மற்ற நோயாளருக்கு மருந்து கொடுக்கும் நேரத்திலேயே அவருக்கும் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் அவர் கட்டிலில் புரளவும் முடியாமல் மரக்கட்டைபோல் விறைத்துப்போனார். ஊட்டிய கஞ்சி கடைவாயால் வழிந்தது. காய்ச்சலின் சோர்வு என்றே எல்லோரும் நினைத்தோம், நானும்தான்.

அன்றிரவு கடமைக்கு வந்த மூத்த தாதி ஒருவர் கட்டிலருகே நின்று சற்று நேரம் அவரைப் பார்த்துவிட்டு, "மகள், ஐயாவுக்கு வீட்டில எத்தனை மணிக்குக் குளிசை குடுப்பீங்க?" என்று கேட்டார். நான் சொன்ன நான்கு நேரங்களையும் ஒரு கலண்டர்த் தாளின் பின்புறம் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். வைத்தியரிடம் பேசி மருந்துத் தாளையும் மாற்றுவித்தார். இந்நோயில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் மூளைக் கலங்கள் அழிந்துபோவதால், குளிசை தரும் சில மணி நேரப் பலனில்தான் உடம்பு இயங்குகிறது என்றும், ஒரு வேளை பிந்தினால் விழுங்கும் தசைகூட நின்றுவிடலாம் என்றும் அவர் சொன்னபோதுதான் கஞ்சி வழிந்ததன் காரணம் எனக்கு விளங்கியது. குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் லெவோடோபாவைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் வைத்தியசாலைகளுக்கு வகுக்கப்பட்டுள்ள தரநியமம் என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன்.

நாங்கள் குளிசையை எருமைத் தயிர்ச்சோற்றுடன் கொடுத்துவந்ததையும் அவர் விசாரித்து அறிந்தார். தயிர், மீன், இறைச்சி ஆகியவற்றின் புரதம் மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், ஆனாலும் தயிரை நிறுத்தத் தேவையில்லை, குளிசையை மட்டும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகக் கொடுங்கள் என்றார். இந்த ஒரு வார்த்தையை ஒன்பது ஆண்டுகளில் எவரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை என்பது இன்றும் மனத்தை வருத்துகிறது. வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோப்ரமைட் இந்நோயைக் கடுமையாக்கும் என்பதால் அதைத் தவிர்க்குமாறும் கோப்பில் எழுதுவித்தார்.

நான்காம் நாள் அப்பா எழுந்து நின்றார். ஆனால் கழிவறை வாசலில் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. அந்தத் தாதி அவரைப் பிடித்து இழுக்கவில்லை. வெள்ளைப் பிளாஸ்டரைக் கிழித்து, ஓரடிக்கு ஒன்றாகத் தரையில் குறுக்கே ஒட்டிவிட்டு, "ஐயா, இதெல்லாம் வரம்பு, ஒவ்வொண்டாத் தாண்டி வாங்க" என்றார். அப்பா குனிந்து பார்த்து, வலது காலை உயர்த்தி முதல் வரம்பைத் தாண்டினார், பிறகு அடுத்ததை. ஐம்பது ஆண்டுகள் வயலில் நடந்த கால்கள் அவை.

இப்போது வீட்டுத் தரையிலும் தம்பி வெள்ளைக் கோடுகள் வரைந்திருக்கிறான். அந்தக் கலண்டர்த் தாளை மடித்து, குளிசைகளுடன் ஒரே பையில் வைத்திருக்கிறேன். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், விடுதிக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் தாதியிடம் கொடுக்கிறேன்.