உதவி தேவை: கீழடிப் பக்கத்தில் மாணவர்கள் எழுதியது மூன்று முறை நீக்கப்பட்டுவிட்டது, எப்படி வழிகாட்டுவது?

வரலாற்று ஆசிரியை:
வணக்கம். கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். இரண்டாம் ஆண்டில் 24 பேர் இருக்கிறார்கள். இந்தப் பருவம் வழக்கமான அசைன்மென்டுக்குப் பதிலாக ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையை மேம்படுத்தச் சொன்னேன். தலைப்பை அவர்களே எடுக்கட்டும் என்று விட்டதில் 9 பேர் கீழடியை எடுத்துக்கொண்டார்கள்.

கட்டுரையின் முதல் பத்தியில் ஒரு மாணவர் "உலகின் மிகப் பழமையான நாகரிகம் கீழடிதான் என்று அறிவியல் நிரூபித்துவிட்டது, மத்திய அரசு இதை மறைக்கிறது" என்ற பொருளில் எழுதி, ஒரு யூடியூப் காணொளியைச் சான்றாக வைத்தார். சிறிது நேரத்தில் நீக்கிவிட்டார்கள். அவர் திரும்பப் போட்டார், அதுவும் போனது. பிறகு பக்கத்து இருக்கை மாணவி தன் கணக்கிலிருந்து அதே வரியைப் போட்டார், அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது இருவருக்கும் தொகுத்தல் போர் (ஒருவர் மாற்றியதை மற்றவர் மாறி மாறி மாற்றுவது) எச்சரிக்கை வந்திருக்கிறது, கூடவே "சர்ச்சைக்குரிய தலைப்பு" என்று நீளமாக ஒரு அறிவிப்பு. நீங்கள் இருவரும் ஒரே ஆளா என்று வேறு ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கிடையில் ஆய்வகத்தில் ஆறு பேருக்கு மேல் கணக்கே தொடங்க முடியவில்லை.

மதிப்பெண் 25ல் 15 கட்டுரையில் நீக்கப்படாமல் நிற்கும் பகுதிக்கு என்று வைத்திருந்தேன். "நம்ம ஊர் வரலாற்றை நாமே எழுதக் கூடாதா மேடம்?" என்று அந்தப் பையன் கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. தலைப்பை மாற்றிவிடவா?

மணல்தொட்டி:
மேடம், முதலில் இன்றைக்கு யாரும் அந்தப் பக்கத்தைத் தொட வேண்டாம் என்று வகுப்புக் குழுவில் சொல்லிவிடுங்கள். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் ஒருவர் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், அதாவது பிறர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால், தடை வரும், அந்த எண்ணிக்கைக்குள் நின்றாலும் தொகுத்தல் போர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே வரியை இரண்டு புதுக் கணக்குகள் மாறி மாறிப் போட்டால் கைப்பாவைக் கணக்கு, அதாவது ஒரே ஆள் பல கணக்குகளில் வருகிறார் என்ற சந்தேகம் வருவது இயல்புதான். மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பயனர் பக்கத்தில் இது ஒரு பாடத்திட்ட வேலை என்று எழுதி வைத்தால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கல்லூரிப் பெயர், எண் எல்லாம் வேண்டாம், மாணவர்களின் பாதுகாப்பும் முக்கியம்.

அந்த நீளமான அறிவிப்பு தண்டனை இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தியா தொடர்பான பக்கங்கள் "சர்ச்சைக்குரிய தலைப்பு" என்ற வகையில் வருகின்றன, அங்கே நிருவாகிகள் சீக்கிரம் நடவடிக்கை எடுக்கலாம் என்று முன்கூட்டியே தெரிவிப்பதுதான் அது. இஸ்ரேல், பாலத்தீனம் பக்கங்களில் இதைவிடக் கடுமை. கணக்குத் தொடங்கி 30 நாளும் 500 தொகுப்புகளும் (திருத்தங்களும்) ஆகாதவர்கள் கட்டுரையில் கை வைக்கவே முடியாது. அதோடு பார்த்தால் உங்கள் மாணவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

கணக்குச் சிக்கல் எளிது. ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குதான் தொடங்க விடும். மீதிப் பேர் வீட்டிலோ கைபேசி டேட்டாவிலோ தொடங்கிக்கொள்ளட்டும்.

வைகைக்கரை:
கீழடியை விடச் சொல்லாதீர்கள், மேடம். அந்தப் பையனின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அவர் எழுதிய வரியில்தான் கோளாறு. அந்த ஒரு வரியை வைத்தே ஒரு வகுப்பு எடுக்கலாம்.

மாநிலத் தொல்லியல் துறை 2019ல் வெளியிட்ட அறிக்கையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கரிமக் காலக்கணிப்பில் கி.மு. 580 என்று வந்தது. இது அளவீடு. இதை வைத்துத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று துறை சொல்வது அந்த அளவீட்டிலிருந்து எடுத்த முடிவு. இரண்டும் ஒன்றில்லை. முதலாவதை ஆய்வுக்கூடம் சொல்கிறது, இரண்டாவதைத் துறை சொல்கிறது, அதில் மாற்றுக் கருத்து உள்ள அறிஞர்களும் இருக்கிறார்கள். "உலகின் மிகப் பழமையான நாகரிகம்" என்று அந்த அறிக்கையே எங்கும் சொல்லவில்லை, அப்படியிருக்க மாணவர் எழுதினால் அது அவருடைய சொந்த முடிவாகிவிடும்.

அடுத்து "மறைக்கிறது" என்ற சொல். நடந்ததை எழுதலாமே. முதல் இரண்டு கட்ட அகழாய்வை மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறைக்காக நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை அதில் திருத்தம் கேட்டது, அவர் தன் முடிவுகளில் உறுதியாக நின்றார். தேதியும் சான்றும் வைத்து இவ்வளவை எழுதினாலே படிப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும், நோக்கத்தை நாம் கற்பிக்க வேண்டியதே இல்லை. உயிரோடு இருப்பவர்கள் பெயர் வரும் இடத்தில் சான்றில்லாத ஒரு சொல்கூட நிற்காது, கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்திலும் அதே விதிதான்.

நூலகர்:
நான் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நிற்கும் வரிக்கு மதிப்பெண் என்று வைத்தால் நீக்கியவரை மாணவர் எதிரியாகத்தான் பார்ப்பார், திரும்பத் திரும்பப் போடத்தான் செய்வார். என்ன படித்தார், எந்த வரிக்கு எந்தச் சான்று, நீக்கப்பட்டதும் என்ன கேட்டார், அதற்கு என்ன பதில் வந்தது என்று ஒரு குறிப்பேடு எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் போடுங்கள். நீக்கப்பட்ட தொகுப்பும் கட்டுரையின் மாற்றங்களைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கும், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

2011ல் புனேயில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு கல்வித் திட்டம் நடத்தியது. வெட்டி ஒட்டிய பகுதிகள் குவிந்து, அவற்றைத் துப்புரவு செய்ய முடியாமல் தன்னார்வலர்கள் திணறி, அந்த ஆண்டே திட்டம் நின்றுபோனது. அந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே நேரத்தில் அவ்வளவு பேரை இறக்கிவிட்டுப் போதிய பயிற்சி தராததுதான் தவறு. 9 பேர் ஒரே பக்கத்தில் என்பதும் அதிகம், இரண்டு பேர் போதும். மற்றவர்கள் ஆதிச்சநல்லூர், கொடுமணல், பொருந்தல் என்று பிரிந்து போகட்டும்.

வரலாற்று ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. மதிப்பெண் முறையை இன்றே மாற்றிவிட்டேன். வகுப்பில் இன்னொரு கேள்வி வந்தது. நடுநிலை என்றால் இரண்டு தரப்பையும் சரிபாதி எழுத வேண்டுமா, அப்படியென்றால் ஆதாரம் உள்ளதும் இல்லாததும் ஒன்றாகிவிடாதா என்கிறார்கள்.

வைகைக்கரை:
சரிபாதி இல்லை, மேடம். நம்பகமான சான்றுகள் எந்தக் கருத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கின்றனவோ அவ்வளவுதான் கட்டுரையிலும் இருக்க வேண்டும். எவரோ ஒருவர் வலைப்பதிவில் எழுதியதற்காக ஆய்வறிக்கைக்குச் சமமாக ஒரு பத்தி ஒதுக்கத் தேவையில்லை. அப்புறம் யார் சொன்னது என்பதை வரிக்குள்ளேயே வைத்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும். இப்படி எழுதலாம்: "353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று மாநிலத் தொல்லியல் துறை 2019 அறிக்கையில் தெரிவித்தது. இதன் அடிப்படையில் தமிழி எழுத்தின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்கிறது என்பது அத்துறையின் முடிவு." இதை முதல் பத்தியில் வைக்க வேண்டாம். காலக்கணிப்பு பற்றிய பகுதியில், அதுவும் முதலில் உரையாடல் பக்கத்தில் வைத்து ஆட்சேபம் உண்டா என்று கேட்கட்டும்.

மணல்தொட்டி:
கேட்கும்போது, முன்பு நீக்கியவரையும் பெயர் குறிப்பிட்டு அழைக்கச் சொல்லுங்கள், மேடம். பல நேரங்களில் நல்ல சான்றைக் கொண்டுவந்து தருபவர் அவராகத்தான் இருப்பார். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம், அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

வரலாற்று ஆசிரியை:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்தப் பையனே உரையாடல் பக்கத்தில் வரியை வைத்தார். முதலில் நீக்கியவரே பதில் சொன்னார், அறிக்கையின் பக்க எண் கேட்டார், "முடிவு" என்பதற்கு வேறு ஒரு சொல் சொன்னார். பையன் அறிக்கையைத் தேடி எடுத்து, இரவு உட்கார்ந்து படித்து, பக்க எண்ணைக் கொடுத்தார். நேற்று வரி கட்டுரைக்குள் போய்விட்டது. இன்று காலை வகுப்புக்கு வந்ததும், அறிக்கையில் உள்ள மற்ற மாதிரிகளின் காலத்தையும் ஓர் அட்டவணையாகச் சேர்க்கலாமா, உரையாடல் பக்கத்தில் கேட்கட்டுமா மேடம் என்றார்.