தொ.5 தமிழ்: ல, ள, ழ பயிற்சிக்குக் கஹூட், வேகமாகத் தொடுபவரே ஜெயிக்கிறார்

தொ5_தமிழாசிரியர்:
வணக்கம். தொடக்கநிலை 5 மாணவர்களுக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கஹூட் என்னும் இணைய வினாடி வினாத் தளத்தில் விளையாட்டாகக் கொடுக்கிறேன். வகுப்பில் 14 பேர், ஐபேட் 7, பாடவேளை அரை மணி நேரம். படிக்காமலே சட்டென்று தொடுபவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். நிதானமாகப் படிப்பவர்கள் மூன்றாவது வினாவிலேயே சோர்ந்துபோகிறார்கள். தட்டச்சு வினாவிலோ சரியான விடையே தவறாகிவிடுகிறது. எங்கே மாற்றலாம்?

வெண்கட்டி:
முதலில் நேரத்தை மாற்றுங்கள். சரியான விடைக்கு 1000 புள்ளி வரை கிடைக்கும், கடைசி நொடியில் தொட்டால் ஏறக்குறைய பாதி. 20 நொடி வினாவில் 4ஆம் நொடியில் தொட்டவருக்கு 900, 16ஆம் நொடியில் தொட்டவருக்கு 600. விடை ஒன்றுதான், யோசித்ததற்கு 300 புள்ளி அபராதம்! 60 நொடி வைத்தால் அதே இடைவெளிக்கு 100தான் குறையும். எல்லாரும் தொட்டதும் வினா முடிந்துவிடுவதால் பாடவேளை வீணாகாது.

அடுத்தது தெரிவுகள். ‘பளம்’ போன்ற இல்லாத சொல்லைத் தெரிவாக வைக்கவே கூடாது. பிழையான வடிவம்தான் பிள்ளைகள் கண்ணில் பதியும். மூன்றுமே உண்மையான சொல்லாக இருக்கட்டும். ‘வாலை, வாளை, வாழை’ என்று ஒரே தெரிவுகளை வைத்து மூன்று வினா அமைக்கலாம்: “குரங்கு ___ ஆட்டியது”, “மன்னன் ___ உறையிலிருந்து உருவினான்”, “தோட்டத்தில் ___ நட்டார்கள்”. வாக்கியத்தைப் படிக்காமல் யாராலும் தப்பிக்க முடியாது.

அரை மணிக்கு 8 வினா போதும். கற்பித்தல் நடப்பதே, எதை எத்தனை பேர் தொட்டார்கள் என்று காட்டும் விடைப் பட்டைகள் திரையில் தெரியும் அந்த இடைவேளையில்தான். பாதிப் பேர் ‘வாலை’ பக்கம் போயிருந்தால் அடுத்த வினாவை அழுத்தாதீர்கள். “மன்னன் எதை உருவினான்? உறையில் என்ன இருக்கும்?” என்று கேட்டு, மூன்று சொல்லையும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். அதற்கு முன் பின்னணி இசையை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ளகரமும் ழகரமும் ஒன்றாகத்தான் காதில் விழும்.

எழுத்துரு:
தட்டச்சுச் சிக்கலுக்குக் காரணம் யூனிகோடு, அதாவது கணினி எழுத்துகளுக்குக் குறியெண் தரும் முறை. ‘கொ’ என்பதை க + ொ என்றும் சேர்க்கலாம், க + ெ + ா என்றும் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்று, குறியெண் வேறு. குறியெண்ணை அப்படியே ஒப்பிடும் தளம் இரண்டாவதைத் தவறு என்றே சொல்லும். ‘ஔவையார்’ எழுதும்போது முதலெழுத்தை ஒ, ள என்று இரண்டாகத் தட்டுவதும், துணைக்காலுக்குப் பதில் ரகரம் போடுவதும் இதே கதைதான். ஐபேடில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உண்டு. வகுப்பு முழுக்க ஒன்றையே வைத்துக்கொண்டு, அதிலேயே விடையைத் தட்டிச் சேமியுங்கள். மாற்று விடை சேர்க்க இடமிருந்தால் பிரித்தெழுதிய வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள்.

வினா நீளத்திலும் கவனம் தேவை. ‘பள்ளிக்கூடம்’ நமக்கு 7 எழுத்து, கணினிக்கு 12 குறி. எழுத்து வரம்புள்ள பெட்டியில் தமிழ் வாக்கியம் சீக்கிரமே முட்டிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், எழுத்துப்பிழைக்குத் தட்டச்சே வேண்டாம். சிறு வெண்பலகையில் எழுதித் தூக்கிக் காட்டட்டும். கை எழுதினால்தான் சுழி மனத்தில் நிற்கும்.

தொ5_தமிழாசிரியர்:
மிக்க நன்றி. ஓர் ஐபேடுக்கு இருவர் என்றால் ஒருவரே தொட்டுக்கொண்டிருக்க மாட்டாரா?

வெண்கட்டி:
குழு முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைப்படை வினாவுக்கு ஒருவர் தொடட்டும், இரட்டைப்படைக்கு மற்றவர். தொடாதவர் வாக்கியத்தை உரக்கப் படிக்க வேண்டும். புனைபெயருக்குப் பதில் இருவரின் பதிவேட்டு எண்ணையும் “3-11” என்று போடச் சொல்லுங்கள். மாணவர் பெயர் வெளித்தளத்துக்குப் போகாது, அறிக்கையைப் பார்த்ததும் எந்த இணை எதில் தடுமாறியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தவறிய வினாக்களை அடுத்த வாரம் புது வாக்கியத்தில் கேளுங்கள். அதே வாக்கியத்தைத் திரும்பக் கொடுத்தால் விடையின் நிறத்தை நினைவு வைத்தே தொட்டுவிடுவார்கள்.