அளபுரு உருளலா, உறுதிமாறு உலாஞ்சலா?

அன்பின் நண்பர்களுக்கு,

நேரே அல்லது பின்னால் வரும் அலையில் கப்பல் இருபக்கமும் பெரிதாகச் சாய்ந்தாடுவதை ஆங்கிலத்தில் 'parametric rolling' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயராக அக்கா முன்வைத்த 'அளபுரு உருளல்' எனக்கு ஒப்பவில்லை. மட்டக்களப்பில் நாங்கள் கணக்குப் பாடத்தில் 'parameter' என்பதைப் 'பரமானம்' என்றே படித்தோம். சரி, 'பரமான உருளல்' என்று மாற்றினாலும் எது மாறுகிறது என்பதை அந்தச் சொல் காட்டாது. அடுத்தது 'உருளல்'. சக்கரம் உருளும், பீப்பா உருளும். கப்பல் ஒருதரம் உருண்டால் பிறகு எழும்பாது. இருபக்கமும் சாய்ந்து மீள்வதைக் கல்லடியில் என் பெரியப்பா 'தோணி உலாஞ்சுது' என்றுதான் சொல்வார்.

பக்கவாட்டு அலையின் தாளமும் கப்பலின் சொந்தத் தாளமும் ஒன்றானால் ஆட்டம் பெருகும். அது 'பரிவு உலாஞ்சல்'. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. அலை அணியத்துக்கு (கப்பலின் முன்புறத்துக்கு) நேரே வருகிறது, அல்லது பின்னாலிருந்து துரத்துகிறது. பக்கத்தில் தள்ள எதுவுமில்லை. ஆனால் அலைமுகடு கப்பலின் நடுவே வரும்போது, விரிந்த அணியமும் பின்புறமும் நீரை விட்டு மேலே நிற்க, கப்பலின் நிமிரும் வலு, அதாவது உறுதி, குறைகிறது. பள்ளம் நடுவே வந்தால் கூடுகிறது. ஒரு முழு ஆட்டத்துக்குள் இது இரண்டு தரம் நடந்தால் சிறு சாய்வும் பெருஞ்சாய்வாகிவிடும். சித்திரை வருடப்பிறப்பு ஊஞ்சலில் நின்று உன்னுகிற பிள்ளையைப் பாருங்கள்: ஒரு போக்குவரவுக்குள் இரண்டு தரம் குந்தி எழும்பும். தள்ள ஆள் வேண்டாம்.

1998 அக்டோபரில் வட பசிபிக்கில் ஏபிஎல் சைனா என்ற கப்பல் இப்படி ஆடித்தான் நூற்றுக்கணக்கான கொள்கலன்களைக் கடலுக்குக் கொடுத்தது. கப்பல் உறுதி பற்றிய பழைய விதிகள் பெரும்பாலும் அசையாத நீரில் கணித்த நிமிர்வு வலுவையே பார்த்தன. அந்த வலுவே அலைமேல் ஏறி இறங்கும் என்பது அவற்றில் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2020 இடைக்கால வழிகாட்டியில் ஐந்து ஆபத்து வகைகள் உண்டு. இது ஒன்று; அலைமுகட்டில் உறுதி கைவிட்டுப் போவது இன்னொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆகவே பெயரிலும் அந்த உறவு தெரியட்டும்: 'உறுதியிழப்பு', 'உறுதிமாறு உலாஞ்சல்'. ஊறுகாய் போல வினைத்தொகை, வாயிலும் தடக்காது.

தம்பி எழுதிய 'ஊஞ்சல் உலாஞ்சல்' காதுக்கு இனிமைதான். ஆனால் ஊஞ்சல் என்றதும் ஒருவர் தள்ளுவதுதான் முதலில் மனதில் வரும், அது பக்கவாட்டு அலையின் வேலை. விளக்கத்துக்கு ஊஞ்சலை வைத்துக்கொள்வோம்.

அக்கா, கல்முனை, ஒலுவில் கரையில் 'உலாஞ்சல்' புழங்குகிறதா? வள்ளக்காரரிடம் ஒருக்கால் கேட்டு எழுதுங்கள்.