காஸைக் காற்றில் விடாமல் ஏசி கழற்றப் பழக்குவது எப்படி?

கொட்டாஞ்சேனை வாத்தியார்:
கொழும்பில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் திருத்தும் பாடம் படிப்பிக்கிறேன். தமிழ் வகுப்பில் 18 பிள்ளைகள். ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கை, புவியைச் சூடாக்கும் ஏசி காஸ்களைக் குறைக்கச் சொல்லும் 2016 கிகாலி திருத்தம், இலங்கை அதை 2018இல் ஏற்றது எல்லாம் பரீட்சையில் சரியாக எழுதுவார்கள்.

போன மாதம் களப்பயிற்சிக்குப் போன பையன் ஒருவன் வந்து சொன்னான்: "சேர், நட்டைத் தளர்த்தி காஸை வெளியே விடச் சொன்னார் பாஸ். நேரம் மிச்சமாம்." அந்த ஏசியில் இருந்தது ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் காஸ். ஒரு கிலோ வெளியே போனால், புவியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய 2 தொன் கரியமில வாயுவுக்குச் சமம். அந்தக் கணக்கு அவனுக்கு மனப்பாடம். ஆனால் வேறு விதமாகக் கழற்ற அவனுக்குக் கை பழகவில்லை. அது என் குறை என்றே நினைக்கிறேன். இரண்டு நாள் தூக்கமே இல்லை.

காஸை உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்க்கும் ரிக்கவரி மெஷின் எங்களிடம் ஒன்றுதான். 18 பேருக்கும் கை பழக என்ன வழி?

வெள்ளவத்தை ஏசி வேலை:
சேர், கம்ப்ரசர் ஓடுகிற ஸ்ப்ளிட் ஏசிக்கு மெஷினே வேண்டாம், பம்ப் டவுன் போதும், அதாவது காஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பது. கூலிங்கில் ஓடவிட்டு, பெரிய பைப் பக்கம் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, சின்ன பைப் வால்வை அலன் கீயால் மூடுங்கள். முள் பூச்சியத்துக்குக் கிட்ட வந்ததும் பெரிய வால்வையும் மூடி, உடனே நிறுத்த வேண்டும். காஸ் முழுக்க வெளி யூனிட்டில் நிற்கும். வீடு மாறுகிறவர்களுக்கு நான் இப்படித்தான் கழற்றுகிறேன். திரும்பக் காஸ் வாங்கும் காசு மிச்சம் என்று சொன்னால் பாஸ்மாரும் கேட்பார்கள்.

பயிற்றுநர், இரத்மலானை:
கம்ப்ரசர் செத்ததற்கு மெஷின்தான். மூன்று மூன்று பேராக விடுங்கள். சிலிண்டரை முன்னும் பின்னும் தராசில் நிறுத்து, எடுத்த கிராமுக்குப் புள்ளி போடுங்கள். புள்ளி இருந்தால்தான் பிள்ளைகள் அக்கறையாகச் செய்வார்கள். சிலிண்டரை 80 வீதத்துக்கு மேல் நிரப்ப விடாதீர்கள். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 காஸுக்கும் 410ஏக்கும் வேறு வேறு சிலிண்டர். கலந்துவிட்டால் இரண்டுமே வீண்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்:
இருவருக்கும் நன்றி. பம்ப் டவுனை முதல் மாதத்துக்கே கொண்டுவருகிறேன், அந்தப் பையனையும் கூப்பிட்டுச் செய்ய வைப்பேன். புது ஃபிரிட்ஜில் வரும் ஆர்-600ஏவுக்கும் இதே மெஷின் சரியா?

பயிற்றுநர், இரத்மலானை:
வேண்டாம் சேர், அது தீப்பற்றும் காஸ். அதற்கென்றே செய்த மெஷின் வேண்டும்.