கிளட்ச் மாத்தும்போதெல்லாம் பிளைவீலைக் கடையணுமா?

பட்டறைக்காரன்_நாமக்கல்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதினது: "கிளட்ச் செட் மாத்துறப்ப பிளைவீலைக் கழட்டி லேத்துக்கு அனுப்பாதவன் மெக்கானிக்கே இல்ல." படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. 28 வருஷமா லாரிக்கு அடியில படுத்து வேலை பாக்குறேன். எல்லாத்தையும் நான் அனுப்புறதில்ல. அப்போ நான் யாரு?

புதுசாப் படிக்கிறவங்களுக்கு: பிளைவீல்னா எஞ்சினோட சேர்ந்து சுத்துற கனமான இரும்புச் சக்கரம், கிளட்ச் பிளேட் உரசுறது அது முகத்துலதான். அந்த முகத்தை லேத் மெஷின்ல சீவிச் சமமாக்குறதுதான் கடையுறது. கியர்பாக்ஸை இறக்கினதும் பிளைவீல் முகத்தைத் துடைச்சுட்டு, நடுவுலேர்ந்து வெளிப்பக்கம் நகத்தை இழுத்துப் பாருங்க. நகம் எங்கயும் மாட்டல, சூட்டுல விழுற நீலத் திட்டு இல்ல, மயிரிழை வெடிப்பு இல்லன்னா எமரித் தாள் தேச்சு, எண்ணெய்ப் பசை போகத் துடைச்சு அப்படியே ஏத்தலாம். நல்ல இரும்பை எதுக்குச் சீவணும்?

லேத்_கோவை:
அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே கேக்கலாம். பிளைவீல் முகம் குழிஞ்சிருக்கிறதை நகம் காட்டாது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வெச்சு, இடைவெளி அளக்குற மெல்லிய தகடு ஃபீலர் கேஜை அடியில விட்டுப் பாத்திருக்கீங்களா? புது பிளேட்டுக்குப் புது முகம் வேணும். கடைஞ்சே ஆகணும்.

பட்டறைக்காரன்_நாமக்கல்:
ஃபீலர் கேஜ் என் பாக்கெட்லயே இருக்கு. குழி இருந்தா அனுப்புவேன். இல்லாதப்ப ஏன் அனுப்பணும்? நான் கேட்டது அது ஒண்ணுதான், அதுக்குப் பதில் சொல்லுங்க.

கொல்லிமலை_பிக்கப்:
அண்ணே, என் கதையைக் கேளுங்க. எங்க ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு. போன வருஷம் கிளட்ச் மாத்தினப்ப ஒரு கடையில பிளைவீலைக் கடைஞ்சே தீரணும்னாங்க. காசு கொடுத்தேன். மூணாவது மாசம் வாழைத்தார் லோடோட ஏறுறப்ப எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகரல. கருகின வாடை மூக்கைத் துளைக்குது.

பட்டறைக்காரன்_நாமக்கல்:
பாத்தீங்களா! தம்பி வண்டியில இருந்தது படி வெச்ச பிளைவீலா இருக்கும். பிளேட் உரசுற முகம் கீழ, அந்தப் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் போல்ட் ஆகுற விளிம்பு மேல. கீழ முகத்தை மட்டும் சீவிட்டு விளிம்பை அப்படியே விட்டா பள்ளம் ஆழமாகும், பிரஷர் பிளேட் அழுத்தம் குறையும், பிளேட் வழுக்கும். கீழ எவ்வளவு எடுத்தோமோ அதே அளவு விளிம்புலயும் எடுக்கணும். இது தெரியாத லேத்துக்கு அனுப்புறதுக்கு அனுப்பாமலே இருக்கலாம்.

லேத்_கோவை:
படி அளவை மைக்ரோமீட்டர் கருவியில அளந்து குறிச்சு வெச்சுட்டுத்தான் நான் லேத்தோட சக்குலயே மாட்டுவேன். எவனோ செஞ்ச தப்புக்கு என்னைக் கேக்காதீங்க. அதோட அந்தத் தம்பி ஒவ்வொரு வளைவுலயும் கிளட்சைப் பாதி மிதிச்சு ஹாஃப் கிளட்ச்ல நிக்கிறவரா இருப்பார். பிளைவீல் என்ன பண்ணும்?

கொல்லிமலை_பிக்கப்:
சார், நீங்க என் வண்டியில ஏறினதே இல்ல. எங்க அப்பா காலத்துலேர்ந்து அந்த மலையில ஓட்டுறோம். வளைவுல ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கிற ஆளு நான். காலைப் பத்திப் பேசாதீங்க.

புது_ஓனர்:
ஒரு சந்தேகம். கடையுறது, கிரைண்டிங், எமரி தேய்க்கிறது மூணும் ஒண்ணா? எதைப் பத்திப் பேசுறீங்க? அப்புறம் என் கார்ல கிளட்ச் பெடல் ஒருதரம் மிதிச்சா தரை வரைக்கும் போயிடுது, பம்ப் பண்ணினா மேல வருது. இதுக்கும் பிளைவீலைக் கழட்டணுமா?

பட்டறைக்காரன்_நாமக்கல்:
மூணும் வேற வேற தம்பி: கடையுறது லேத் டூல்ல சீவுறது, கிரைண்டிங் கல்லுல தேய்க்கிறது, எமரி தாளால தேய்க்கிறது. உங்க பெடலுக்குப் பிளைவீலைக் கழட்ட வேண்டாம். அது பெடல்லேர்ந்து ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர், இல்லேன்னா அந்த ஆயிலை வாங்கி கிளட்சை நகர்த்துற ஸ்லேவ் சிலிண்டர். உள்ள இருக்கிற ரப்பர் கிட் மாத்தி, பிரேக் ஆயில் புதுசா ஊத்தி, குழாய்ல இருக்கிற ஏரை எடுத்தா பெடல் நிக்கும். கோவைக்காரரைக் கேட்டா அதுக்கும் லேத்துக்கு வான்னுதான் சொல்வார்.

அவர் லேத்தைப் பத்தியே கேக்குறேன். நீலத் திட்டு விழுந்த இடம் சூட்டுல இறுகிப்போயிருக்கும். லேத் டூல் அங்க வந்தா மேல ஏறி இறங்கிடும், மேடு அப்படியே நிக்கும். அதுக்குக் கிரைண்டிங் கல்லுதான் வேணும். நீங்க டூல்ல சீவுறீங்களா, கல்லுல தேய்க்கிறீங்களா?

லேத்_கோவை:
ரெண்டு மெஷினும் இருக்கு. வந்து பாருங்க. கடைஞ்சே ஆகணும்.

டீசல்_மதுரை:
புது_ஓனர், உடனே கவனிங்க. என் மச்சான் கிளட்ச் ஆயில் டப்பாவுல பிரேக் ஆயிலுக்குப் பதிலா எஞ்சின் ஆயிலை ஊத்திட்டான். ஒரே வாரத்துல உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போச்சு.

லேத்_கோவை:
எஞ்சின் ஆயிலை ஊத்துற ஆளுங்க இருக்கிற இடத்துல நான் மைக்ரோமீட்டர் பத்திப் பேசிட்டிருக்கேன்.

டீசல்_மதுரை:
ஊத்தினது மச்சான்னு எழுதியிருக்கேன். படிச்சுட்டுப் பேசுங்க. இதுக்கு முன்னாடி இங்க வீல் பேரிங் கிரீஸ் பத்திப் பேசினப்பவும் நீங்க இப்படித்தான் எல்லாரையும் மட்டம் தட்டினீங்க. நாங்க மறக்கல.

பட்டறைக்காரன்_நாமக்கல்:
கிரீஸை விடுங்க. இப்ப வர்ற டீசல் கார்ல பல வண்டிக்கு டூயல் மாஸ் பிளைவீல். ரெண்டு சக்கரம், நடுவுல ஸ்பிரிங். அதைக் கடையக் கூடாதுன்னு தயாரிக்கிறவங்களே சொல்றாங்க. அதையும் சக்குல மாட்டுவீங்களா? "கடைஞ்சே ஆகணும்"னு எழுதினீங்களே, அதுல அதுவும் சேர்த்தியா?

லேத்_கோவை:
நான் பேசுறது சாதா பிளைவீல். அது எல்லாருக்கும் புரிஞ்சது, உங்களைத் தவிர.

பட்டறைக்காரன்_நாமக்கல்:
நேத்து "சாதா"ங்கிற வார்த்தையே இல்ல. மறுபடி கேக்குறேன்: நகம் மாட்டல, திட்டு இல்ல, வெடிப்பு இல்ல, கேஜ் நுழையல. அந்தப் பிளைவீலை எதுக்குக் கடையணும்?

லேத்_கோவை:
புது பிளேட்டுக்குப் புது முகம்.

பட்டறைக்காரன்_நாமக்கல்:
அது காரணமே இல்ல. நாளைக்குக் காலையில ஒரு லாரிக்குக் கியர்பாக்ஸ் இறக்குறேன். பிளைவீல் முகத்தைப் படம் எடுத்துப் போடுறேன். அதைப் பாத்துட்டுச் சொல்லுங்க.